குறுக்கெழுத்துக் கட்டம் நடுவழியில் நின்றுபோனால்: குறியைப் பார்த்துப் பிழை நீக்கும் முறை

மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்து விழுந்தவுடன் முதலில் பிரிக்கப்படுவது பொது அறிவுக் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும் பக்கந்தான். ஓய்வுபெற்ற வாத்தியாரான என் பெரியப்பாவும் நானும் பல ஆண்டுகளாக அதை ஒன்றாக இருந்து நிரப்பி வருகிறோம். இத்தனை காலத்தில் நான் கண்டது இதுதான்: கட்டம் நின்றுபோவதற்கு விடை தெரியாத குறிப்பு காரணமாவது குறைவு. தெரியும் என்று எண்ணி அழுத்தி எழுதிய ஏதோ ஒரு விடைதான் பெரும்பாலும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பிழையைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும் பெட்டிகள் அல்ல, நிரம்பியிருக்கும் பெட்டிகள். கட்டம் எந்த விதமாக நிற்கிறது என்ற குறியைக் கவனித்தால், பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

தொடங்குமுன் ஒரு சொல். பேனையால் நிரப்புவது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் பத்திரிகைத் தாளில் ஒருமுறை வெட்டி மேலே எழுதிய பெட்டியை மறுபடி வாசிக்க முடியாது. மெல்லிய பென்சிலும் நல்ல அழிறப்பரும் வைத்திருங்கள். அழிக்கும்போது தாளை இடக்கை விரலால் அழுத்திப் பிடித்து ஒரே திசையில் தேய்த்தால் கிழியாது.

விடை தெரியும், ஆனால் ஒரு பெட்டி கூடுகிறது அல்லது குறைகிறது

முதலில் குறிப்பின் இலக்கத்தை மறுபடி பாருங்கள். இடமிருந்து வலம் 7 என்பதும் மேலிருந்து கீழ் 7 என்பதும் ஒரே பெட்டியில் தொடங்கும்போது, கண் ஒரு நிரலிலிருந்து மற்றதற்குத் தாவிவிடுவது வழக்கம். சொல்ல வெட்கமாக இருந்தாலும், எங்கள் வீட்டில் இவ்வகைப் பிழைக்கு இதுவே முதற்காரணம்.

இலக்கம் சரியென்றால் எழுத்துகளை விரல்விட்டு எண்ணுங்கள். ஒலியை வைத்து எண்ணக்கூடாது. புள்ளி வைத்த மெய்க்குத் தனிப் பெட்டி உண்டு. எனவே மட்டக்களப்பு என்பதற்கு ம, ட், ட, க், க, ள, ப், பு என எட்டுப் பெட்டிகள் வேண்டும். மறுபுறம், கொ, கோ, கௌ போன்றவை தாளில் இரண்டு மூன்று உருவாகத் தெரிந்தாலும் ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டியவை. பொத்துவில் என்ற ஊர்ப்பெயரைக் கொம்பும் காலும் தனித்தனி என்று எண்ணி ஏழு பெட்டி என்று பிடிவாதம் பிடித்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். அதற்கு ஐந்தே பெட்டிகள். ஔவையார் இன்னும் தந்திரமானவர். ஔ என்ற உயிரெழுத்தின் பின்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால், பலர் ஒ, ள என்று இரண்டு பெட்டிகளில் எழுதி ஐந்தாக்கிவிடுகிறார்கள். ஔ, வை, யா, ர் என்று நான்குதான்.

எண்ணிக்கையும் சரியாகி, அப்போதும் ஒரு பெட்டி இடித்தால், சொல்லின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். ரகரத்திலும் லகரத்திலும் தொடங்கும் அயற்பெயர்களுக்கு முன்னால் இகரம் சேர்ப்பது மரபு என்பதால், லண்டன் நான்கு பெட்டி, இலண்டன் ஐந்து. ஆற்றின் பெயர் மாவலி என்றால் மூன்று, மகாவலி என்றால் நான்கு, கங்கையையும் சேர்த்தால் ஏழு. ஒற்று மிகுமா மிகாதா என்பது இன்னொரு தலையிடி. காரைதீவு மக்கள் தங்கள் ஊர்ப்பெயரை ஒற்றில்லாமல் நான்கெழுத்தாகவே எழுதுகிறார்கள்; வெளியூரில் இருந்து கட்டம் அமைப்பவர் இலக்கணப்படி தகர ஒற்றைச் சேர்த்து ஐந்தாக்கிவிடக்கூடும். எதுவுமே பொருந்தாவிட்டால் அதே பொருளுக்கு இன்னொரு பெயர் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தை நிரப்பும் ஆறு எது என்ற குறிப்புக்குக் கல்லோயா என்ற நான்கெழுத்து விடையும் உண்டு, பட்டிப்பளை என்ற ஆறெழுத்து விடையும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தில் பட்டிப்பளை என்று ஒரு பிரதேச செயலாளர் பிரிவும் இருப்பதால், பெயர் நினைவுக்கு வந்தும் ‘அது ஆறு இல்லையே’ என்று எங்கள் பக்கத்தவரே அதைத் தள்ளிவிடுவார்கள்.

பெட்டிகள் சரியாக நிரம்புகின்றன, ஆனால் குறுக்கே வரும் சொல் உடைகிறது

இலங்கைத் தமிழர்களை அதிகம் வதைக்கும் குறி இது. காரணம், நாம் பாடசாலையில் படித்த தமிழும் கட்டத்தை அமைத்தவர் எழுதும் தமிழும் வேறு வேறு கரையைச் சேர்ந்தவையாக இருப்பது. உயிர்கள் சுவாசிக்கும் வாயு எது என்று குறிப்புக் கேட்கிறது, ஐந்து பெட்டிகள். நம் பாடநூலின்படி ஒட்சிசன். தமிழ்நாட்டு வழக்கில் ஆக்சிஜன். பழைய வழக்கில் பிராணவாயு. மூன்றுக்குமே ஐந்தெழுத்துகள்தான் என்பதால், பெட்டிகளின் எண்ணிக்கை இங்கே எந்தத் தீர்ப்பையும் தராது. ஐதரசன், ஹைட்ரஜன் என்ற இரண்டும் அப்படியே. நைதரசன், நைட்ரஜன் என்ற இரண்டும் அப்படியே.

எங்கள் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக் கோட்டையை முதலில் கட்டியவர்கள் யார் என்று கேட்டால், நாள்தோறும் அதைக் கடந்து போகிறவர்கள்கூட ஒல்லாந்தர் என்று ஆறு பெட்டிகளுக்குள் எழுதத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் அதை ஒல்லாந்தர் கோட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1628இல் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் அதை 1638இல் கைப்பற்றியவர்கள். எட்டுப் பெட்டிகளைக் கண்டு இதைத் திருத்திக்கொள்ளலாம். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வருகிறது. போர்த்துக்கேயர் என்று நாம் எழுதுவதை, தமிழ்நாட்டில் போர்த்துகீசியர் என்றும் போர்ச்சுகீசியர் என்றும் எழுதுகிறார்கள். மூன்றுக்கும் எட்டெழுத்துகள். முதல் இரண்டு பெட்டிகளும் கடைசி இரண்டு பெட்டிகளும் மூன்று வடிவங்களிலும் ஒன்றே. நடுவில் உள்ள நான்கில்தான் கலகம்.

இதற்கு நான் செய்யும் பரிகாரம் எளியது. மாற்று வடிவங்கள் இருக்கக்கூடிய விடையை முழுதாக எழுதுவதில்லை. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான எழுத்துகளை மட்டும் எழுதிவிட்டு மற்றப் பெட்டிகளில் ஒரு சிறு புள்ளி வைத்துவிடுவேன். ஒட்சிசன், ஆக்சிஜன் என்ற இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது பெட்டியில் சி, ஐந்தாவதில் ன்; அவ்வளவுதான் எழுதலாம். போர்த்துக்கேயருக்குப் போ, ர், நான்கு புள்ளிகள், ய, ர். காரைதீவில் 1892இல் பிறந்த தமிழ்ப் பேராசிரியருக்கு வி, பு, லா, ஒரு புள்ளி, ந், த, ர். விபுலானந்தர் என்று எழுதுவோரும் விபுலாநந்தர் என்று எழுதுவோரும் இருப்பதால், அந்த நாலாவது பெட்டியைக் குறுக்குச் சொல்லிடம் விட்டுவிட வேண்டும். 2,524 மீற்றர் உயரமான நம் நாட்டின் மிக உயர்ந்த மலைக்கு இதைவிட அதிகப் பொறுமை வேண்டும். பிதுருதலாகலை என்று எழுதினாலும் பீதுருதாலகாலை என்று எழுதினாலும் ஏழு பெட்டிகள். ஆனால் குறிலும் நெடிலும் ஆளுக்கு ஆள் மாறும். அங்கே உறுதியாக இருப்பவை து, ரு, கடைசி லை ஆகியவை மட்டும்.

கட்டம் எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் இவ்வளவு புள்ளிகளும் தேவைப்படா. அதற்கு எண்ணிக்கையே மாறுபடும் ஒரு விடையைத் தேடிப் பிடியுங்கள். அவுஸ்திரேலியா ஏழு பெட்டி, ஆஸ்திரேலியா ஆறு. அந்த ஒரு விடை கட்டத்தில் இருந்தால் வழக்கு முடிந்துவிடும். விடை இல்லாவிட்டாலும் குறிப்புகளின் மொழி காட்டிக்கொடுக்கும். ஜனாதிபதி, பாராளுமன்றம், ஒக்டோபர் என்று குறிப்பில் எழுதியவர் விடையில் ஜேர்மனி, நோர்வே, ஒஸ்லோ என்றே எதிர்பார்ப்பார். குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம், அக்டோபர் என்று எழுதியவருக்கு ஜெர்மனி, நார்வே, ஆஸ்லோ. உள்ளூர்ப் பத்திரிகை என்பதாலேயே கட்டமும் உள்ளூரில் அமைத்தது என்று நம்பிவிட வேண்டாம்.

எழுத்து, தான் விழுந்த இடத்தில் இருக்க மறுக்கிறது

பொது அறிவே இல்லாமல் பிழையைப் பிடித்துத் தரக்கூடிய பரிசோதனை இது. தமிழில் இன்ன எழுத்து இன்ன இடத்தில்தான் வரும் என்ற ஒழுங்கு இருக்கிறதே, அதையே பயன்படுத்துகிறோம். பாடசாலையில் மொழிமுதல் எழுத்து, மெய்மயக்கம் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனவை குறுக்கெழுத்தில்தான் கைகொடுக்கின்றன.

உயிரெழுத்து ஒரு சொல்லின் முதற்பெட்டியில் மட்டுமே வரும். ஆகவே அ, இ, ஒ போன்ற ஓர் எழுத்து இரண்டு சொற்கள் சந்திக்கும் பெட்டியில் இருந்தால், அந்த இரண்டு சொற்களும் அதே பெட்டியில்தான் தொடங்க வேண்டும். ஒரு சொல்லின் நடுப்பெட்டியில் உயிரெழுத்து வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால், எந்த விடை என்று பாராமல் அழிறப்பரைக் கையில் எடுக்கலாம். இதை நேர்மாறாகவும் பயன்படுத்தலாம்: ஒரு விடையின் முதற்பெட்டி இன்னொரு விடையின் நடுப்பெட்டியாக இருந்தால், அந்த விடை உயிரெழுத்தில் தொடங்காது. ஒட்சிசனா, பிராணவாயுவா என்ற குழப்பம் இந்த ஒரு பார்வையிலேயே சில வேளை தீர்ந்துவிடும்.

புள்ளி வைத்த மெய் இதற்கு நேர் எதிரானது. அது எந்தச் சொல்லையும் தொடங்காது. மேலிருந்து கீழ் வரும் விடையின் முதற்பெட்டியில் ஒரு மெய் விழுந்திருந்தால், ஒன்றில் அந்த விடை ஸ்பெயின் போன்ற அயற்பெயர், அல்லது குறுக்கே எழுதியது பிழை. ண, ன, ள, ழ ஆகிய வரிசைகளில் உள்ள எழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. றகரமும் வராதென்றே இலக்கணம் சொல்கிறது. ஆனால் றப்பர், றம்புட்டான் என்று எழுதும் நாட்டில் இருந்துகொண்டு அந்த விதியை நான் அவ்வளவு கண்டிப்பாகப் பிடிப்பதில்லை.

ஒரு மெய்யை அடுத்து எது வரும் என்பது அடுத்த சோதனை. ங் என்ற எழுத்துக் கிடைத்தால் அடுத்த பெட்டியில் ககர வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்கலாம். ந் கிடைத்தால் அடுத்தது பெரும்பாலும் தகரம், தப்பினால் நகரம். க், ச், த், ப் என்ற நான்கும் தமிழ்ச் சொற்களில் தம்மைத் தவிர வேறெதையும் அடுத்து வரவிடா. க் என்பதற்குப் பின் தி வருகிறதென்றால், விடை சக்தி, பக்தி போன்ற வடசொல்லாக இருக்க வேண்டும். குறிப்பு அப்படிப்பட்ட ஒன்றைக் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நின்றால் முதலாவது ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். யாழ்ப்பாணத்திலும் போர்த்துக்கேயரிலும் இருப்பதைப் போல. பிரான்ஸ் போன்ற அயற்பெயர்கள் இதற்கு விலக்கு. ஆகவே இந்த ஒழுங்கு மீறப்படும் இடத்தில் விடை பிழையென்று உடனே முடிவுகட்டாமல், அந்த விடை வெளிநாட்டுப் பெயரா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் அழியுங்கள்.

ஒரு மூலை முழுவதும் அசையாமல் நிற்கிறது

சென்ற ஆண்டு ஒரு கட்டத்தில் இடப்பக்க மேல்மூலை எங்களை மூன்று நாள் வைத்திருந்தது. இடமிருந்து வலம் முதற்குறிப்பு, நைஜீரியாவின் தலைநகர், மூன்று பெட்டிகள். பெரியப்பா லாகோஸ் என்று எழுதினார். மூன்றும் நிரம்பின. முதற்பெட்டியிலிருந்து கீழிறங்கும் விடை, மட்டக்களப்பிலிருந்து 1961இல் பிரிக்கப்பட்ட மாவட்டம், நான்கு பெட்டிகள். அது அம்பாறை என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்; ஆனால் முதலெழுத்து லா என்று நின்றது. மூன்றாவது பெட்டியிலிருந்து கீழிறங்கும் விடை, இந்தோனேசியாவின் மக்கள்தொகை மிகுந்த தீவு, இரண்டு பெட்டிகள். அதற்கு முதலெழுத்து ஸ்.

அம்பாறையை உறுதியாக அறிந்திருந்தும், நாங்கள் சந்தேகப்பட்டது அம்பாறையைத்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வேறு மாவட்டமாக இருக்குமோ, ஆண்டு பிழையாக அச்சாகியிருக்குமோ என்றெல்லாம் பேசினோம். லாகோஸ் என்ற விடையை யாரும் தொடவில்லை. நான் மெல்லக் கேட்டபோதும், “லாகோஸ்தான் புள்ள, நானே படிப்பிச்ச பாடம்” என்றார். அவர் படிப்பித்த காலத்தில் அது சரியாகவே இருந்தது. 1991 டிசெம்பரில் நைஜீரியா தன் தலைநகரை அபுஜாவுக்கு மாற்றிக்கொண்டது. அபுஜாவுக்கும் மூன்றே பெட்டிகள். அதை எழுதியவுடன் அகரத்தில் அம்பாறையும், ஜாவன்னாவில் ஜாவாவும் தாமாக இறங்கின.

ஸ் என்ற மெய்யில் ஒரு விடை தொடங்கியதைப் பார்த்த அந்த நிமிடமே லாகோஸை அழித்திருக்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் கைக்கொள்ளும் முறை இது. மூலை நின்றால், அந்த மூலையில் உள்ள ஒவ்வொரு விடையின் ஓரத்திலும், அதை வெட்டிச் செல்லும் எத்தனை விடைகள் அதை உறுதிப்படுத்துகின்றன என்ற எண்ணை எழுதுவோம். சுழியம் பெற்ற விடைகள் எல்லாம், எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவையாக இருந்தாலும், சந்தேக நபர்கள். அவற்றை ஒவ்வொன்றாக அழித்து, அந்தப் பெட்டிகள் வெறுமையாக இருந்தால் குறுக்கு விடைகள் வருகின்றனவா என்று பார்ப்போம். ஒன்று என்ற எண்ணைப் பெற்ற இரண்டு விடைகள் ஒன்றையொன்று மட்டுமே தாங்கி நிற்குமானால் இரண்டையும் சேர்த்து அழிப்போம். இரு பொய்யர் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வதுபோன்ற நிலை அது.

காலத்தால் பழையதாகிப்போன அறிவு இந்த வகைப் பிழையின் பெரும்பங்குக்குப் பொறுப்பு. தலைநகர்கள், நாட்டுப் பெயர்கள், ‘மிகப் பெரிய’, ‘மிக அதிக’ என்று தொடங்கும் குறிப்புகள் ஆகியவற்றை எப்போதும் பென்சிலாலேயே எழுதுங்கள். கட்டம் வெளியான ஆண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய தொகுப்புகளை வாங்கி நிரப்புவோர் பலர் இருக்கிறார்கள். கசக்ஸ்தானின் தலைநகர் 1998 முதல் அஸ்தானா, 2019இல் நூர்சுல்தான், 2022இல் மறுபடி அஸ்தானா. நான்கு பெட்டியா ஆறு பெட்டியா என்பது அந்தப் பத்திரிகையின் திகதியைப் பொறுத்தது. சுவாசிலாந்து 2018இல் எசுவாத்தினி ஆனது. புளூட்டோ 2006இல் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. துணைக்கோள்கள் மிக அதிகமுள்ள கோள் என்று கேட்டு நான்கு பெட்டிகள் தந்திருந்தால், கட்டம் அமைத்தவர் வியாழன் என்று நினைத்திருக்கிறார். இன்றைய கணக்கில் விடை சனி, இரண்டே பெட்டிகள்.

குறிப்புப் புரிகிறது, ஆனால் விடைகள் பல வருகின்றன

சூரியன் என்று மட்டும் குறிப்புத் தந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஞாயிறும் பரிதியும் மூன்று பெட்டி, ஆதவன் நான்கு, கதிரவனும் பகலவனும் ஐந்து. ஐந்து பெட்டி என்றால் வ, ன் என்ற கடைசி இரண்டையும் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். ‘யார்’ என்று கேட்கும் குறிப்பானால், விடை உயர்வுப் பன்மையில் ர் என்று முடியுமா, ஒருமையில் ன் என்று முடியுமா என்பதைக் குறிப்பின் வினைமுற்றே சொல்லிவிடும். ‘பிறந்தவர்’ என்று இருந்தால் ரகர ஒற்றைக் கடைசிப் பெட்டியில் மெல்லியதாகக் குறித்துக்கொள்ளலாம்.

‘திரும்பியுள்ளது’, ‘குழம்பியுள்ளது’ என்ற குறிப்புகளுக்குப் பிறகு எல்லாம் தடுமாறுகிறது

மேலே சொன்ன எழுத்துச் சோதனைகள் செல்லாமற்போகும் இடம் இது ஒன்றுதான். அம்பாறை மாவட்டக் கரையோர நகர் ஒன்று திரும்பியுள்ளது என்று குறிப்பிருந்து, கல்முனை விடையானால், பெட்டிகளில் னை, மு, ல், க என்று விழும். னகரத்தில் சொல் தொடங்காதே என்று இதை அழித்துவிட்டால் சரியான விடையைக் கொன்றவர்கள் ஆவோம். அம்பாறையைத் திருப்பினால் கடைசிப் பெட்டியில் அகரம் வந்து நிற்கும். ஆகவே எந்தப் பெட்டியில் சோதனை செய்தாலும், அதனூடாகச் செல்லும் விடைகளில் திரும்பியதோ குழம்பியதோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த விடையின் மேல் சிறிய அம்புக்குறி ஒன்று போட்டுவைப்பது நல்லது. திருப்பும்போது எழுத்து முழுதாகத் திரும்பும். ஐகாரக் கொம்பைத் தனியே கழற்றி முன்னே வைப்பது சிறுவர்கள் செய்யும் பிழை.

குழம்பிய விடையில் சோதனையைப் பெட்டிகளுக்குப் பதிலாக, அவிழ்த்து எழுதும் சொல்லுக்குச் செய்ய வேண்டும். நான்கு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம்; ஐந்தென்றால் 120 விதம். அத்தனையையும் எழுதிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. னை, க, ல், மு என்று கிடைத்திருக்கிறதென்று வையுங்கள். ல் தொடங்காது, னை தொடங்காது. எஞ்சுவது க அல்லது மு. லகர ஒற்றையடுத்து னகரம் வராது. இந்த இரண்டு வெட்டோடு கல்முனை கண்ணில் பட்டுவிடும்.

கைப்பேசித் திரையில் சரியான விடையையும் பிழை என்று காட்டுகிறது

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் உள்ளே வேறாகப் பதிவாகும் எழுத்துகளே இங்கே குற்றவாளி. யூனிகோட் முறையில் ஸ்ரீ என்ற எழுத்தை இரண்டு விதமாகத் தட்டச்சிட முடியும். இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், செயலிக்கோ வேறு வேறு. ஔவையாரின் முதலெழுத்தை ஒ, ள என்று தட்டியிருந்தாலும் இதே நிலைதான். அந்த எழுத்தை அழித்துவிட்டு வேறொரு விசைப்பலகையில் மறுபடி தட்டிப் பாருங்கள். செயலி மெய்யின் புள்ளியைத் தனிப் பெட்டியாக எண்ணுகிறதென்றால் அதை அமைத்தவருக்குத் தமிழ் எழுத்தின் கணக்குத் தெரியவில்லை. நேரத்தை வீணாக்காமல் வேறு செயலிக்கு மாறுங்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்தும் ஒரு விடை மட்டும் இடிக்கிறது

கட்டம் அமைத்தவரும் மனிதர்தான். ஆனால் அவர்மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்: இடிக்கும் விடையை வெட்டிச் செல்லும் எல்லா விடைகளும் வேறு குறுக்கு விடைகளால் உறுதிப்பட்டிருக்க வேண்டும், அமைத்தவர் எந்தப் பிழையான விடையை நினைத்தார் என்பதை நாம் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது நிறைவேறாவிட்டால் பிழை இன்னும் நம் பக்கந்தான்.

ஒரு வார இதழில் இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி என்று கேட்டு நான்கு பெட்டிகள் தந்திருந்தார்கள். விடை பம்பரகந்த, அதற்கு ஏழு பெட்டிகள் வேண்டும். குறுக்கே வந்த இரண்டு விடைகள் யகரத்தையும் மகரத்தையும் தந்தன. இரண்டும் வேறு விடைகளால் நன்றாக உறுதிப்பட்டவை. அதன்பிறகுதான் அமைத்தவரின் மனம் எங்களுக்கு விளங்கியது. அவர் தியலும என்று எண்ணியிருக்கிறார். பரிசுப் போட்டியானால் இப்படிப்பட்ட இடத்தில் கட்டம் கேட்பதையே எழுதி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து; உண்மையை எழுதுவதற்கு அங்கே பெட்டிகள் இல்லை. பெரியப்பாவுக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை என்றாலும் தியலும என்றே எழுதித் தபாலில் சேர்த்தோம். அடுத்த வாரம் வெளியான விடையிலும் அதுவே இருந்தது. அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 263 மீற்றர் என்றும், அதன் கீழே 220 மீற்றர் என்றும் எழுதி, இடையில் ஒரு கோடு போட்டு, பத்திரிகையை மடித்து மற்றவற்றோடு வைத்தார்.